முதியோரின் விழுங்கற் குறையும் நிமோனியாவும்

உண்ணும்போது புரையேறினால், எங்கோ யாரோ நினைக்கிறார்கள் என்று கூறித் தலையைத் தட்டிவிடுவது வழக்கம். முதியோருக்கு அடிக்கடி புரையேறுவது அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. அதனினும் அஞ்சத்தக்கது, உணவு மூச்சுக்குழலுட் சென்றும் இருமல் தோன்றாத நிலையாகும்.

தொண்டை, உணவுக்கும் மூச்சுக்கும் பொதுவழி. விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலெழுகிறது, குரல்நாண்கள் சேர்ந்து மூச்சுக்குழலை அடைக்கின்றன. பக்கவாதத்தாலோ நடுக்குவாதத்தாலோ இவ்வொழுங்கு குலையின், உணவும் எச்சிலும் வாயிலுள்ள கிருமிகளுடன் நுரையீரலை அடையும். நிமோனியா உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இத்தகைய நரம்பு நோய்களுக்குச் சிகிச்சையளிக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிலையம் 1974இல் அமைந்தது. பேச்சுக் குறைகளை ஆராயும் துறையும் அங்கு உண்டு. மைசூரில் 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் இத்துறை வல்லுநர்களைப் பயிற்றுகிறது. பேச்சு வல்லுநர் விழுங்குதலை ஆராய்வதில் வியப்பில்லை. இரண்டிற்கும் நாவும் தொண்டையும் குரல்வளையுமே கருவிகள்.

சோதனை எளிதாகவே தொடங்குகிறது. நோயாளி விழிப்புடன் நிமிர்ந்து அமர முடிகிறதா, வலிந்து இரும முடிகிறதா, வாய் தூய்மையாக உள்ளதா என்பன முதலில் கவனிக்கப்படும். பின்னர்க் கரண்டியளவு நீர் தரப்படும். அதில் இடர் இல்லையெனில், 90 மில்லிலிட்டர் நீரை இடைவிடாது பருகச் செய்வர். பருகும்போதோ அடுத்த ஒரு நிமிடத்திலோ இருமல் எழுந்தாலும், குரல் ஈரம் கலந்தாற்போல் மாறினாலும், மேற்சோதனை தேவை.

ஓசையின்றி நிகழும் புரையேறலை இச்சோதனை தவறவிடக்கூடும். ஆதலின் ஐயமுள்ளவர்களுக்குப் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, அது செல்லும் வழியை எக்ஸ்ரே மூலம் காண்பர். அல்லது மூக்கின் வழியே மெல்லிய நோக்குக்குழாயைச் செலுத்திப் பார்ப்பர்.

உணவின் பதமும் முடிவுகளை ஒட்டியே அமையும். மெல்லாது விழுங்கப்படும் ராகிக்களி உருண்டையும், நீரும் பருக்கையும் பிரிந்து நிற்கும் ரசஞ்சோறும் சிலருக்கு இடராகலாம். நிமிர்ந்து அமர்ந்து சிறு கவளமாக உண்பதும், நாள்தோறும் பல்லையும் நாவையும் துலக்குவதும் நன்மை தரும்.

உணவுக்குப்பின் குரல் மாறுதல், காரணமின்றி மெலிதல், மீண்டும் மீண்டும் காய்ச்சல் வருதல் ஆகியவற்றை வீட்டார் கண்டால் மருத்துவரிடம் கூறவேண்டும். இருமல் இல்லை என்பது இடர் இல்லை என்பதற்குச் சான்றாகாது.