பனி நாட்டில் உடுப்பது எப்படி?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. பெரும்பாலும் தோற்றத்தைக் குறித்தே இதைச் சொல்லுகிறோம். ஆனால் உறைபனி சூழ்ந்த இடத்தில் ஆடை அழகுக்காக அன்று, உயிருக்காக. அரையாண்டு விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, பெற்றோருடனும் நான்கு வயதுத் தம்பியுடனும் லடாக்கிலுள்ள லே நகருக்குப் புறப்பட்டபோதுதான் இதை நாங்கள் உணர்ந்தோம்.

நமக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலை. மிஞ்சினால் கொடைக்கானல் சுற்றுலா. சென்னையில் சனவரி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே சனவரி இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே 15 டிகிரி, சில நாட்களில் 20 டிகிரி வரையிலும் இறங்கிவிடும். "ஒரு ஸ்வெட்டரும் மப்ளரும் போதாதா?" என்று கேட்டாள் தோழி. அறிவியல் ஆசிரியை அன்றைய பாடவேளையை இதற்கே ஒதுக்கினார். அன்று கற்றதை இங்கே தருகிறோம்.

கம்பளிக்குச் சூடு உண்டா?

இல்லை. ஓர் ஐஸ் கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்தால் அது விரைவில் உருகுவதில்லை. கம்பளிக்குத் தானாகச் சூடு இருந்தால் ஐஸ் உடனே கரைந்திருக்க வேண்டுமே! வெப்பத்தை உண்டாக்குவது நாம் உண்ணும் உணவைக் கொண்டு நம் உடலே. அந்த வெப்பம் வெளியேறாமல் காப்பது உடையின் வேலை. கம்பளியின் சுருண்ட இழைகளுக்கிடையே காற்று சிறைப்பட்டு நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே தடித்த ஒரே உடையைவிட, இடையிடையே காற்றுத் தங்கும் பல மெல்லிய உடைகள் மேலானவை.

மூன்று அடுக்குகள்

முதல் அடுக்கு உடலை ஒட்டிய உள்ளாடை. இது மெல்லிய கம்பளியாகவோ, 'தெர்மல்' எனப்படும் உள்ளாடையாகவோ இருக்கலாம், பருத்தி ஆகாது. நம் வெயிலுக்கு அருமருந்தான பருத்தி, வியர்வையைக் குடித்து ஈரமாகவே நின்றுவிடும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஈர உடை பகைவனுக்குக் கதவைத் திறந்து வைத்தது போலாகும். கம்பளியோ ஓரளவு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பின்னும் கதகதப்பைக் காக்கும்.

இரண்டாவது அடுக்கு காற்றைச் சிறைப்பிடிக்கும் ஸ்வெட்டர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டும் அணியலாம். நடக்கும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். நின்றதும் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது அடுக்கு காற்றையும் பனியையும் தடுக்கும் மேலங்கி. பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரிக் குளிரில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி போலத் தோன்றும். எனவே காதை மூடும் குல்லாயும் கழுத்துத் துணியும் அவசியம். கையுறையில் விரல்களைத் தனித்தனியே பிரிப்பதைவிட, நான்கு விரல்களும் ஒன்றாய்க் கிடக்கும் உறையே மேல். விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும்.

செய்து பார்த்தோம்

ஒரே அளவான இரண்டு புட்டிகளில் வெந்நீர் ஊற்றினோம். ஒன்றுக்கு உலர்ந்த காலுறையையும் மற்றொன்றுக்கு ஈரக் காலுறையையும் மாட்டி, மின்விசிறியின்கீழ் வைத்தோம். ஈரக் காலுறை மாட்டிய புட்டியே முதலில் ஆறியது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். இதை எல்லாரும் வீட்டில் பெரியவர்கள் துணையுடன் செய்து பார்க்கலாம்.

லேயில் நடந்தது

விடுமுறை முடிந்து வந்த தோழி சொன்னதைக் கேட்டு வகுப்பே வாயடைத்துப் போயிற்று. உயரமான இடத்தில் காற்று மெலிந்திருப்பதால் முதல் இரண்டு நாட்களும் அவர்கள் ஓய்வாக இருந்தார்கள். நான்காம் நாள் தம்பி பனியில் விளையாடப் போனான். குளிருமே என்று அம்மா மூன்று காலுறைகளை மாட்டி, சப்பாத்துக்குள் காலை இறுக்கித் திணித்திருந்தார். இறுக்கத்தால் இரத்த ஓட்டம் குறைந்தது, காற்றுக்கும் இடமில்லை, பனியும் உள்ளே புகுந்து உருகியது. அரை மணி நேரத்தில் பையன், "கால் விரலைக் காணோம் அக்கா!" என்றான். கழற்றிப் பார்த்தால் விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. வலிக்கிறதா என்றால் இல்லை என்றான். வலி தெரியாமற்போவதே அபாயக் குறி.

பதறிய அம்மா விரல்களைத் தேய்க்கப் போனார். அப்பா அடுப்பருகே தூக்கிச் செல்ல முயன்றார். தங்கியிருந்த வீட்டு மூதாட்டி இரண்டையும் தடுத்துவிட்டார். ஈரக் காலுறைகளை உருவி, பாதங்களைத் துடைத்து, தாம் அணிந்திருந்த 'கோஞ்சா' என்னும் கம்பளி அங்கிக்குள் விட்டு, தம் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். மெல்ல மெல்ல விரல்கள் சிவந்தன. சுருக்கென்று வலி வந்து பையன் அழுதான். அந்த அழுகையைக் கேட்டு அம்மாவும் அழுதாராம்.

அவர் செய்ததே சரியான முறை. உறைந்த சதையைத் தேய்த்தால் அது கிழிபடும். உணர்ச்சியற்ற தோலை நெருப்பில் காட்டினால் வெந்துபோவதும் தெரியாது. நிறமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒருவர் ஓயாமல் நடுங்கி, பேச்சுக் குழறி, தடுமாறினால் அதுவும் ஆபத்தே.

வாழ்பவரிடம் கற்போம்

1903 முதல் 1905 வரை வட கனடாவில் தங்கிய நார்வே நாட்டு அமுண்ட்சென், அங்கு வாழும் மக்களிடம் தளர்வான தோலாடை உடுக்கும் முறையைக் கற்றார். 1911 டிசம்பர் 14இல் தென்துருவத்தை முதலில் அடைந்து, தம் துணைவருடன் நலமாகத் திரும்பியவர் அவரே. லடாக் மக்களின் கோஞ்சாவும் தளர்வானதுதான். அதை இடையில் கச்சையால் கட்டிக் காற்றை உள்ளே நிறுத்துகிறார்கள். குளிரோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கண்ட அறிவு அது.

இதற்கெல்லாம் பெரும்பணம் வேண்டுமோ என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. தோழியின் வீட்டில் புதிதாக வாங்கியவை தெர்மல் உள்ளாடைகளும் குல்லாய்களுமே. ஸ்வெட்டர்கள் எங்கள் நால்வர் வீட்டுப் பெட்டிகளிலிருந்து போனவை. மேலங்கிகள் அங்கேயே வாடகைக்குக் கிடைத்தன. தம்பியின் சப்பாத்து மட்டும், மறுநாளே ஓர் அளவு பெரிதாக வாங்கப்பட்டது.

ஸ்வெட்டர்கள் துவைத்து உலர்த்தப்பட்டு எங்களிடம் திரும்பிவிட்டன. உலர்ந்த வேப்பிலை இட்டு மடித்து வைத்திருக்கிறோம். அடுத்து எவள் பனி நாட்டுக்குப் புறப்பட்டாலும் கேட்டு வாங்கிச் செல்லலாம்.