388 வோல்ட் கன்னும் ஐந்து செல்லும்

போன மாதம் மட்டும் நாலு பேர் என்னிடம் இதே கதையைச் சொல்லிவிட்டார்கள். நாலாவது ஆள், கோயம்புத்தூரில் எங்கள் பட்டறைக்கு எதிரே பஞ்சர் கடை போட்டிருக்கும் தம்பி. கையில் வீல் நட் கழற்றும் புத்தம்புது பேட்டரி இம்பாக்ட் கன், முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

"அண்ணா, இது 388 வோல்ட்டுங்க. உங்களுது வெறும் பதினெட்டுத்தானுங்களே?"

பதினெட்டுத்தான். ஆறு வருஷமாக அந்தப் பதினெட்டை வைத்துத்தான் சோறு தின்கிறேன்.

"தம்பி, உங்க கடைச் சுவத்துல இருக்கற பிளக்ல எத்தனை வோல்ட்?"

"230ங்கண்ணா."

"அதுல ஈரக் கையை வெப்பீங்களா?"

சிரித்தான்.

"அப்புறம் எப்படிங்க 388 வோல்ட்டை வேர்த்த கையில புடிச்சுட்டுத் தண்ணித் தொட்டிப் பக்கத்துலயே நிக்கறீங்க?"

சிரிப்பு நின்றது.

இதைத்தான் யாருமே யோசிப்பதில்லை. 300 வோல்ட்டைத் தாண்டிய மின்சாரக் காரில் பேட்டரி வயருக்கு ஆரஞ்சு நிற உறை போட்டிருப்பார்கள். ரப்பர் கையுறை இல்லாமல் அதைத் தொடாதே என்று பயிற்சியின் முதல் நாளே மண்டையில் அடித்துச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட வோல்ட்டை மூவாயிரம் ரூபாய்க்குக் கைப்பிடிக்குள் அடைத்துக் கொடுக்கிறார்களாம், நாமும் வாங்கி இடுப்பில் சொருகிக்கொள்கிறோமாம்.

அந்தக் கன்னின் பெட்டியிலேயே சாட்சி இருந்தது. சார்ஜரை எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் எறும்பு எழுத்தில் 'அவுட்புட் 21 வோல்ட் டிசி' என்று அச்சாகியிருந்தது. 21 வோல்ட் கொடுக்கும் சார்ஜர் 388 வோல்ட் பேட்டரியை எப்படி நிரப்பும்? ஒரு குடத் தண்ணீரில் மேல்நிலைத் தொட்டி நிரம்புமா? மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். அப்போதுதான் சார்ஜ் ஏறி முடிந்த பேட்டரி, 20.6 காட்டியது. தம்பி மீட்டரைத் தட்டிப் பார்த்தான். மறுபடியும் 20.6.

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, உள்ளேயும் பார்த்துவிடலாம் என்று அவனே பேட்டரிப் பெட்டியின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினான். (நீங்கள் இதை வீட்டில் செய்யாதீர்கள். ஸ்பேனர் நுனி தவறான இரண்டு இடத்தில் பட்டால் லித்தியம் செல் தீப்பிடிக்கும்.) உள்ளே ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, மொத்தம் பத்து செல். 18650 என்பார்களே, 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அதே சுருட்டு. லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி வோல்ட் 3.6, முழு சார்ஜில் 4.2. ஐந்தைத் தொடராகக் கோத்தால் 18, முழு சார்ஜில் 21. அடுத்த ஐந்து பக்கவாட்டில் சேருவது. அதனால் கூடுதல் நேரம் ஓடும், வோல்ட் கூடாது. ஆக என் கன்னும் பதினெட்டு, அவன் கன்னும் பதினெட்டு.

நிஜமாகவே 388 வோல்ட் வேண்டுமென்றால் 108 செல் தொடராகக் கோக்க வேண்டும். ஒரு செல் 45 கிராம் என்று வைத்தாலும் செல் மட்டுமே ஐந்து கிலோவுக்குப் பக்கம் வரும். கன்னைத் தூக்க ஒரு ஆள், பேட்டரியைச் சுமக்க இன்னொரு ஆள்.

அப்படியானால் அந்த 388 என்ன? ஒன்றுமில்லை. ஸ்டிக்கரை உற்றுப் பார்த்தால் எண்ணுக்குப் பின்னால் 'விஎஃப்' என்று இருக்கும். அப்படி ஒரு அலகே கிடையாது. வோல்ட் என்று நாம் படித்துக்கொள்ள வேண்டும், கேட்டால் வோல்ட் என்று சொல்லவில்லையே என்று விற்பவன் தப்பித்துக்கொள்ள வேண்டும், அதற்காகவே ஒட்டிய 'எஃப்' அது. முதலில் 48 வந்தது, பிறகு 88, 128, 168, 288. ஏலம் போல ஏறிக்கொண்டே போகிறது, உள்ளே இருக்கும் ஐந்து மட்டும் அசையவில்லை. கம்பெனி பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். ஒரே கன் பத்து ஸ்டிக்கரில் வருகிறது, எந்தப் பெயரைச் சொல்ல?

எம்ஏஎச் கணக்கும் இதே ரகம்தான். பெட்டியில் 15,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. நல்ல 18650 செல்லே 3,500 எம்ஏஎச் வாக்கில் நின்றுவிடும். இரண்டு வரிசைக்கு 7,000, அதுவும் முதல் தரச் செல்லாக இருந்தால். அந்தப் பெட்டிக்குள் இருந்த செல்லின் உறையில் தயாரித்தவர் பெயர்கூட இல்லை.

சரி, பெரிய கம்பெனிகள் யோக்கியமா என்றால், அங்கேயும் கொஞ்சம் பவுடர் பூச்சு உண்டு. டிவால்ட் அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்பதும் ஐரோப்பாவில் '18 வோல்ட்' என்று விற்பதும் அதே ஐந்து செல் வரிசைதான். முழு சார்ஜில் சுமை இல்லாமல் அளந்தால் இருபதைத் தாண்டும், சராசரி பதினெட்டு. ஆனால் பதினெட்டை இருபது என்பது மேக்கப், பதினெட்டை 388 என்பது ஆள்மாறாட்டம். செல் எண்ணிக்கையை நிஜமாகவே கூட்டிய கன்களும் உண்டு. மக்கிட்டாவின் '40 வோல்ட் மேக்ஸ்' வரிசையில் பத்து செல் தொடராக இருக்கிறது. அதுவே 36 வோல்ட் சராசரிதான். மில்வாக்கியின் எம்18 வரிசையில் லாரி டயருக்கான ஒரு இன்ச் டிரைவ் கன்கூட 18 வோல்ட்டில்தான் ஓடுகிறது. லாரிக்கே அது போதும் என்னும்போது ஆல்டோவுக்கு 388 எதற்கு?

"ஆனா கழட்டுதுங்களேண்ணா" என்றான் தம்பி. கழற்றத்தான் செய்யும். இந்தப் புளுகு உயிரோடு இருப்பதே அதனால்தான். கார் வீல் நட் அப்படியொன்றும் பெரிய எதிரி அல்ல. நட்டை இறுக்க வேண்டிய முறுக்குவிசை, அதாவது டார்க், டொயோட்டாவின் பல கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டா கார்களுக்கு 108 என்று கம்பெனியே சொல்கிறது. அதாவது அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் இருபது, இருபத்திரண்டு கிலோவைத் தொங்கவிட்டது போல. இதைச் சுமாரான கன்னும் கழற்றிவிடும். உடனே கேமராவைத் திருப்பி, பார்த்தீர்களா 388 வோல்ட்டின் சக்தி என்று வீடியோ போட்டுவிடுகிறார்கள்.

நாலு வருஷம் மழையில் நின்ற காரின் சஸ்பென்ஷன் போல்ட்டில், துரு ஏறிய ஹப் நட்டில் வைத்துப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். அடி கொடுக்கும்போது மோட்டார் செல்லிடம் ஒரே மூச்சில் ஏகப்பட்ட ஆம்பியர் கேட்கும். மட்டமான செல்லால் கொடுக்க முடியாது, வோல்ட் சரியும், கன்னுக்குள் அடிக்கும் சுத்தியலின் வேகம் குறையும், கன் டரடரவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், நட் அசையாது. ஒரே பதினெட்டில் ஒரு கன் ஆறாயிரத்துக்கும் இன்னொன்று முப்பதாயிரத்துக்கும் விற்பதன் காரணம் இங்கே இருக்கிறது. செல்லின் தரம், உள்ளே இருக்கும் சுத்தியலின் எடை, அது அடிக்கும் இரும்பின் பதம். ஸ்டிக்கரில் இது எதுவும் வராது.

எனவே கடைக்குப் போனால் வோல்ட்டைக் கேட்காதீர்கள். இரண்டு டார்க் எண்ணைக் கேளுங்கள். ஒன்று முறுக்கும் டார்க், மற்றொன்று இறுகிய நட்டைக் கழற்றும் டார்க். உருப்படியான கம்பெனி இரண்டையும் தனித்தனியே எழுதியிருக்கும். மக்கிட்டா டிடிடபிள்யூ300 என்றால் முறுக்க 330, கழற்ற 580 நியூட்டன் மீட்டர். ஒரே ஒரு எண், அதுவும் ஆயிரம், இரண்டாயிரம் என்று உருண்டையாக இருந்தால் பெட்டியைக் கீழே வையுங்கள். பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இல்லையென்றால் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். பொட்டலப் பொருள் விதி 2011இலேயே அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

மற்ற கதைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டார்க் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்பது ஒன்று. கார் வேலைக்குக் கழற்றும் டார்க் ஐந்நூறு, அறுநூறு இருந்தால் தாராளம், அரை இன்ச் டிரைவ் போதும். ஆயிரத்துக்கு மேல் போனால் கன்னின் எடை மூன்று கிலோவைத் தொடும், வீல் ஆர்ச்சுக்குள் நுழையாது, வீல் நட் ஏறும் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டை முறுக்கியே ஒடிக்கும். பெரிய லாரியின் 22 மில்லிமீட்டர் ஸ்டட் 600 நியூட்டன் மீட்டரை ஒட்டி முறுக்கப்படுவது. அது நாமக்கல்காரர்களின் கவலை, உங்களுடையது அல்ல. ஸ்க்ரூ அடிக்கும் இம்பாக்ட் டிரைவரில் சதுர அடாப்டர் மாட்டினால் வீல் நட்டும் கழலும் என்பார்கள். பத்து தடவை கழலும், பதினோராவது தடவை அடாப்டர் ஒடியும். பிரஷ்லெஸ் என்றால் தேய்மானமே இல்லை என்பதும் பாதி உண்மை. தேய்வதற்குக் கார்பன் பிரஷ் இல்லை, அவ்வளவே, சுத்தியலும் பேரிங்கும் தேயத்தான் செய்யும். பேட்டரியைக் கார் டிக்கியிலேயே போட்டு வைக்கலாமா? சித்திரை வெயிலில் டிக்கிக்குள் கை வைத்துப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சாக்கெட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கத்தியாக வேண்டும். பளபளவென்று குரோம் பூசிய சாக்கெட் கையால் திருகுவதற்கானது. அதைக் கன்னில் மாட்டாதீர்கள். அடி தாங்காமல் கண்ணாடி மாதிரி சிதறும். கன்னுக்கென்று கறுப்பு நிறத்தில், தடித்த சுவரோடு, குரோம் மாலிப்டினம் இரும்பில் செய்த இம்பாக்ட் சாக்கெட் தனியாக விற்கிறது. மாருதி என்றால் 19, ஹுண்டாய் என்றால் 21, இந்த இரண்டை மட்டும் வாங்கினாலே பாதி ஊரைச் சமாளிக்கலாம். என் பட்டறைச் சுவரில் ஒரு குரோம் சாக்கெட் துண்டு இன்னும் புதைந்து கிடக்கிறது, என் காது உயரத்தில்.

இனிச் சொல்லப்போவதை என் பட்டறைப் பையன்கள் ஆயிரம் தடவை கேட்டுச் சலித்துவிட்டார்கள். கன் கழற்றுவதற்கு. முறுக்குவதற்கு அல்ல. கன்னில் 1, 2, 3 என்று சுவிட்ச் இருக்கிறதே, அது டார்க்கை அளப்பதில்லை. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். எத்தனை விநாடி அழுத்துகிறீர்கள், மரையில் துருவா எண்ணெயா, சாக்கெட்டுக்கு நடுவில் எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் ஏற்ப முறுக்கு மாறும். 'டர்ர்ர்' சத்தம் கேட்டால் டைட் ஆகிவிட்டது என்பது காதால் எடை போடும் வியாபாரம்.

போன ஐப்பசியில் ஒரு குடும்பம் அவினாசி ரோட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு டயர் பஞ்சராகி நின்றது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, காரோடு வந்த ஸ்பேனரும் இருக்கிறது. நட் அசையவில்லை. அந்த வீட்டுக்காரர் எழுபது கிலோ ஆள், ஸ்பேனர் நுனியில் ஏறி நின்றும் அசையவில்லை. ஸ்பேனர் அரை மீட்டர் என்று வைத்தால் 340 நியூட்டன் மீட்டர் கொடுத்திருக்கிறார், கம்பெனி சொல்லும் அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல். முந்தின வாரம் ஏதோ ஒரு கடையில் கன்னாலேயே இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். காலையில் நான் கழற்றியபோது ஐந்தில் ஒரு ஸ்டட் இழுபட்டு, மரை நைந்துபோயிருந்தது. இப்படி ஒரு நட் அதிகம், ஒரு நட் குறைவு என்று இருந்தால் பிரேக் டிஸ்க்கும் லேசாகக் கோணும், பெடலை மிதித்தால் காலில் துள்ளும். வாடிக்கையாளர் பிரேக் பேடை மாற்றுவார், டிஸ்க்கை மாற்றுவார், காரணம் வீல் நட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். கிளிக் என்று சத்தம் கொடுக்கும் சாதாரண ரெஞ்சே போதும், நல்ல கன்னின் விலையில் பாதிகூட ஆகாது. நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றுங்கள், எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள், டயர் தரையில் பட்டபின் ரெஞ்சால் முடியுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு தடவை சரிபாருங்கள். வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை அளவு சரிபார்க்கக் கொடுங்கள். கன்னுக்கு 388 வோல்ட் கேட்கும் ஊரில் டார்க் ரெஞ்ச் கேட்டு வருபவரை விரல் விட்டு எண்ணலாம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்க்கடைத் தம்பி அந்தக் கன்னைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இருக்கட்டும், வீல் நட் கழற்ற அது போதும். அடுத்த முறை டயர் மாற்றப் போகும்போது, கன்னைத் திருப்பிப் பிடித்து இறுக்க வருபவரைத் தடுத்து, உங்கள் டிக்கியில் இருக்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுங்கள். கையால் முறுக்கினால் போதும், நடுரோட்டில் நீங்களே கழற்றிக்கொள்ளலாம்.