மார்கழிச் சளிக்கு வீட்டு மருந்து: பயனும் எல்லையும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும் கார்த்திகை இறுதியிலிருந்து தை மாத நடுப்பகுதி வரை எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வி பல வடிவங்களில் எழுகிறது. ஆவி பிடிக்கலாமா, கஷாயம் கொடுக்கலாமா, நெற்றியில் சுக்குப் பற்றுப் போடலாமா என்று கேட்கின்றனர். சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பதற்குக் காரணம், மருத்துவர் கடிந்துகொள்வார் என்னும் அச்சம். வேறு சிலர் கேட்பதே இல்லை; வீட்டில் செய்வதை எங்களிடம் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். இவர்களை எண்ணித்தான் நாங்கள் அதிகம் கவலை கொள்கிறோம். நல்ல உடல்நிலை உள்ளவருக்கு இதம் தரும் அதே கஷாயம், இதய நோய்க்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்பவருக்குத் தீங்காக முடியக்கூடும். ஆகவே வீட்டு வைத்தியத்தில் எது எவ்வாறு உதவுகிறது, யாருக்கு அது ஆகாது என்பதை இங்கே விளக்குகிறோம்.

சளி பிடிப்பது எப்படி?

ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ் வகைகள் 200க்கும் மேல் உள்ளன. அவற்றுள் ரைனோ வைரஸ் குடும்பமே முதன்மையானது. ஒரு வகைக்கு எதிர்ப்பாற்றல் வந்தாலும் மற்றொரு வகை காத்திருக்கிறது. அதனால்தான் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும், பள்ளி செல்லத் தொடங்கிய குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு முறை வரையும் சளி பிடிக்கிறது. "என் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்று வருந்தும் தாய்மார்கள் இந்த எண்ணிக்கையை நினைவில் கொள்ளலாம்.

பனியில் நனைந்தால் சளி பிடிக்கும் என்பது உண்மையா? இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் 1946ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சளி ஆராய்ச்சி நிலையத்தில், தன்னார்வலர்களை ஈர உடையுடன் குளிரில் நிறுத்திப் பார்த்தனர். குளிர் மட்டும் சளியை உண்டாக்குவதாக அங்கே நிறுவ இயலவில்லை. பிற்காலத்தில் கார்டிஃப் நகரில் குளிர்ந்த நீரில் கால்களை வைத்திருந்தவர்களிடம் நடந்த ஆய்வோ, அடுத்த சில நாள்களில் அவர்களுக்குச் சளி அறிகுறிகள் சற்று அதிகம் தோன்றியதாகத் தெரிவித்தது. முன்பே மூக்கில் தங்கியிருந்த வைரஸ், குளிரில் மூக்கின் இரத்த நாளங்கள் சுருங்கும்போது தலைதூக்குகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. ரைனோ வைரஸ் உடலின் உள்வெப்பத்தைவிட மூக்கிற்குள் நிலவும் 33 டிகிரி அளவிலேயே நன்றாகப் பெருகுகிறது என்பதும் தெரிந்ததே. ஆகப் பாட்டியின் சொல்லில் ஓரளவு பொருள் உண்டு. எனினும் வைரஸ் இன்றிச் சளி இல்லை. அந்த வைரஸ் தும்மல் துளி வழியாகவும், மூக்கைத் துடைத்த கை தொட்ட கதவுப் பிடி, கைப்பேசி, தண்ணீர்ச் செம்பு ஆகியவற்றின் வழியாகவும் வருகிறது.

தொற்றிய ஒன்று முதல் மூன்று நாள்களில் தொண்டை கரகரப்பு தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் தொல்லை உச்சத்தை அடையும். ஏழு முதல் பத்து நாள்களுக்குள் பெரும்பாலும் தணியும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் பின்தங்கி நிற்கலாம். இந்தக் கால ஓட்டத்தை அறிந்துகொண்டால் பல வீண் செலவுகள் குறையும். மூன்றாம் நாள் எந்த மருந்தை உட்கொண்டாலும் நான்காம் நாள் சற்று நலமாகத்தான் இருக்கும். புகழ் அந்த மருந்துக்குப் போய்விடுகிறது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் ஆன்டிபயாட்டிக் கேட்போர் பலர். அந்த நிறம், வைரஸை எதிர்க்க வந்த வெள்ளணுக்களில் உள்ள பச்சை நிற நொதியால் வருவது. அது மட்டுமே பாக்டீரியா தொற்றுக்கு அடையாளமாகாது. வைரஸ் சளியை ஆன்டிபயாட்டிக் ஒரு நாளும் குறைப்பதில்லை. வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம். மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் எழுதித் தராமல் அதை வாங்கலாகாது. சென்ற முறை மீந்த மாத்திரையை இம்முறை விழுங்குவதும் கூடாது.

இதம் தருபவை

சூடான மிளகு ரசத்தை முதலில் சொல்ல வேண்டும். 1978இல் அமெரிக்காவின் மயாமி நகரில், சூடான கோழி சூப் அருந்தியவர்களின் மூக்கில் சளி நகரும் வேகம் அதிகரிப்பதை மருத்துவர்கள் அளந்து காட்டினர். அரை மணி நேரத்தில் அந்த விளைவு மறைந்துவிட்டது. கார்டிஃபில் 2008இல் வெளியான மற்றோர் ஆய்வில், சூடான பழச்சாறு அருந்தியவர்களின் மூக்கடைப்பு அளவீட்டில் மாறவில்லை. ஆயினும் தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி ஆகியவை குறைந்ததாக அவர்கள் உணர்ந்தனர். ரசமும் சுக்குமல்லிக் காப்பியும் இதே வழியில்தான் உதவுகின்றன என்று கருதுகிறோம். நோயை அவை விரட்டுவதில்லை, நோயாளியைத் தேற்றுகின்றன. அதுவும் சிறிய செயல் அன்று.

இரவு இருமலுக்குத் தேன் நல்லது. ஒரு வயது கடந்த குழந்தைக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி கொடுத்தால் இருமல் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளியும் நாக்கில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நச்சை உண்டாக்கும். பெயர் சூட்டும் நாளில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

வெந்நீர் ஒரு குவளையில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிப்பது தொண்டைக்கு நல்லது. கைக்குழந்தையின் மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு மருந்தே போதும். பாலூட்டும் முன் விட்டால் குழந்தை மூச்சுத் திணறாமல் குடிக்கும்.

மஞ்சள் பாலில் மிளகுத் தூள் சேர்க்கும் வழக்கத்திற்கு ஓர் ஆதாரம் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மிளகின் பைப்பரின் அந்த உறிஞ்சுதலைப் பன்மடங்கு உயர்த்துவதாகப் பெங்களூருவில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் இதனால் சளி விரைவில் குணமாகும் என்பது நிறுவப்படவில்லை. சமையல் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இவ்விரண்டையும் செறிவாக்கிய மாத்திரைகளோ வேறு மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் மாற்றக்கூடியவை. வலிப்பு மருந்தும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தும் எடுப்போர் எங்களைக் கேட்காமல் அவற்றைத் தொடங்கலாகாது.

பாலும் தயிரும் சளியைப் பெருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ரைனோ வைரஸ் செலுத்தப்பட்ட தன்னார்வலர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 1990இல் வெளியான ஆய்வு, பால் அருந்துவதற்கும் மூக்குச் சளியின் அளவுக்கும் தொடர்பு காணவில்லை. பசியின்றி இளைத்துப் போகும் முதியவரிடமிருந்து தயிர்ச் சோற்றையும் வாழைப்பழத்தையும் பறிப்பதில் பொருளில்லை.

ஆவி பிடித்தல் பற்றி

நொச்சி இலை போட்ட வெந்நீர் ஆவி மூக்கிற்கு இதமானதுதான். அது நோயின் நாள்களைக் குறைப்பதாக உறுதியான சான்று இல்லை. தீங்குக்கோ சான்று உண்டு: மடியில் கவிழ்ந்த பாத்திரத்தால் தொடையிலும் வயிற்றிலும் வெந்த குழந்தைகள். எனவே சிறுவர்களுக்கும், கை நடுங்கும் முதியோருக்கும் ஆவி வேண்டாம். பெரியவர்கள் பிடிப்பதானால் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை உறுதியான இடத்தில் இறக்கி வைத்து, சில நிமிடம் ஆற விட்டு, முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்து ஐந்து நிமிடம் பிடித்தால் போதும். தைலம் சேர்த்தால் மூக்கு திறந்தது போலத் தோன்றும். அது மெந்தால் தரும் குளிர்ச்சி உணர்வு, காற்றோட்டம் உண்மையில் கூடுவதில்லை. ஆஸ்துமா உள்ளவருக்குக் கடும் மணம் இழுப்பைத் தூண்டவும் கூடும்.

விட்டுவிட வேண்டியவை

குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கத்தை அறவே நிறுத்த வேண்டும். எண்ணெய் மூச்சுக்குழல் வழியே நுரையீரலில் இறங்கி, எளிதில் ஆறாத ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். இருமல் அதனை வெளியேற்றாது. எண்ணெய் மூச்சுக்குழலை உறுத்தாமல் அமைதியாக இறங்குவதே அதன் ஆபத்து.

கற்பூரம் அடுத்தது. பூசைக்குரிய கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து மார்பில் தேய்ப்பதும், துணியில் முடிந்து குழந்தையின் சட்டையில் கட்டுவதும் பல வீடுகளில் உண்டு. குழந்தை அதனை வாயில் வைத்தால் சிறிதளவே வலிப்பை வரவழைக்கும். தோல் வழியாகவும் அது உட்புகும். இரண்டு வயதுக்குட்பட்டவர்க்குக் கற்பூரம் சேர்ந்த தைலமும் ஆகாது. வசம்பை உரைத்து ஊற்றும் வழக்கத்தையும் நாங்கள் ஊக்குவிப்பதில்லை. சாம்பிராணிப் புகை, மஞ்சள் கொம்பைச் சுட்டு முகரும் புகை, கொசுவர்த்திப் புகை மூன்றும் மூச்சுக்குழலுக்கு வேறுபாடு தெரியாத புகைதான்.

பெரியவர்களுக்கு அதிமதுரம். தொண்டைக்கு இனிமை தரும் இவ்வேரை நாள்தோறும் சுவைத்தாலோ கஷாயமாக அருந்தினாலோ உடலில் உப்பும் நீரும் தேங்கி இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். சிறுநீர் பிரிவதற்கான மாத்திரையும், டிகாக்சினும் எடுக்கும் இதய நோயாளிக்குப் பொட்டாசியம் குறைவது நாடித் துடிப்பைத் தடுமாறச் செய்யும். கடையில் வாங்கும் கஷாயப் பொடியின் உறையில் அதிமதுரம் உள்ளதா என்று பாருங்கள்.

"நிறைய நீர் குடியுங்கள்" என்னும் பொது அறிவுரையும் எல்லோருக்கும் உரியதன்று. இதயச் செயலிழப்பு உள்ளவரும் டயாலிசிஸ் செய்துகொள்பவரும், ரசமும் கஷாயமும் நாளின் நீர் அளவுக்குள் அடங்குபவை என்பதை மறக்கலாகாது. பனங்கற்கண்டும் தேனும் சர்க்கரையை உயர்த்துபவையே. மறுபுறம், வாய்க்கசப்பால் உணவைத் தவிர்த்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம்.

கடை மருந்துகள்

மூக்கடைப்பைத் திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்துகளை நாள்கணக்கில் தொடர்ந்தால், மருந்தே மீண்டும் அடைப்பை உண்டாக்கும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்னும் பழமொழி இதற்கு அப்படியே பொருந்தும். ஐந்து நாளுக்கு மேல் எந்நிலையிலும் வேண்டாம். சளி மாத்திரைகளில் உள்ள ஃபெனிலெஃப்ரின் இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். குளோர்பெனிரமின் தூக்கம் தரும். ப்ராஸ்டேட் வீக்கமும் கண் அழுத்த நோயும் உள்ளவர்க்குத் தொல்லை தரும். இவ்விரண்டும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் அறிவித்தது. சிறு குழந்தைக்கு இருமல் மருந்தைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஏற்றது. ஆனால் சளி மாத்திரையிலும் பெரும்பாலும் அது கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு இரட்டிப்பாகிக் கல்லீரலைத் தாக்கும். மழைக்காலத்தில் மூக்கு ஒழுகாமல் கடும் காய்ச்சலும் உடல் வலியும் மட்டும் இருந்தால் டெங்குவை நினைக்க வேண்டும். அது இல்லையென்று தெரியும்வரை டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகிய வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

உறங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்து வயது வரை 40 என்னும் அளவை மூச்சு எட்டினால், அல்லது மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், கஷாயம் காய்ச்சும் நேரமும் வீணாகும் நேரமே. பால் குடிக்க மறுப்பதும், எழுப்பினாலும் விழிக்காத சோர்வும் அத்தகையவையே. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும் உடனே பார்க்கப்பட வேண்டியது.

பெரியவர்களில் படுக்க முடியாத மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பம், உதடு நீலமாதல் ஆகியவை அவசர அறிகுறிகள். வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்து, ஓய்வில் 94க்குக் கீழே காட்டினாலும் அவ்வாறே. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்க்கு மட்டும் அவருடைய வழக்கமான அளவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குறைந்து வந்த சளி மீண்டும் காய்ச்சலுடன் திரும்பினால் பாக்டீரியா தொற்று சேர்ந்திருக்கலாம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை தேவை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

ஆஸ்துமா நோயாளிகள் சளி நாள்களில் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தலாகாது. அந்த நாள்களில்தான் அது மிகவும் தேவைப்படுகிறது. உறுப்பு மாற்று செய்துகொண்டோரும் புற்றுநோய் மருந்து பெறுவோரும் காய்ச்சல் தொடங்கிய அன்றே தொலைபேசியில் எங்களை அழைக்க வேண்டும். இன்ஃப்ளுயன்சா என்று ஐயம் இருந்தால் அதற்கான மருந்தை 48 மணி நேரத்திற்குள் தொடங்குவதே பயன் மிக்கது. இத்தகையோரும் அவர்களைப் பராமரிப்போரும் ஆண்டுதோறும் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

பராமரிப்பவருக்கே சளி பிடித்துவிட்டால் இயன்றவரை வேறொருவர் பொறுப்பேற்கட்டும். வேறு ஆள் இல்லாத வீடுகளே நம்மிடையே அதிகம் என்பதை அறிவோம். அந்நிலையில் முகக்கவசம் அணிந்து, மருந்தும் உணவும் தருவதற்கு முன் சோப்பிட்டுக் கை கழுவி, சன்னலைத் திறந்து வையுங்கள். சளியோடு உள்நோயாளரைக் காண வர வேண்டாம். காணொளி அழைப்பில் பேசுங்கள். மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரை அட்டைகளோடு, வீட்டில் அருந்திய கஷாயப் பொடியின் உறையையும் எடுத்து வாருங்கள். அதைப் பார்த்து எவரும் கடிந்துகொள்ள மாட்டோம்.