எளாவூர்த் தங்கைக்கு: போர்வைக்குள் எவ்வளவு பஞ்சு?

எளாவூரில் குயில்ட் தைக்கத் தொடங்கியிருக்கும் தங்கைக்கு,

மேல்துணி, அடித்துணி, இரண்டுக்கும் நடுவே பஞ்சு. புதிதாகத் தைக்க வருபவர்கள் மேல்துணியின் நிறத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள்; பஞ்சை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வந்துவிடுவார்கள். போர்வை உடம்பில் எப்படிப் படிகிறது, ஊசி எவ்வளவு சுலபமாக இறங்குகிறது, துவைத்தால் எப்போது காய்கிறது என்பதெல்லாம் அந்த நடு அடுக்கைப் பொறுத்தது.

உன் ஊர்ப் பக்கத்துப் பழவேற்காடு ஏரிக்கரையில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ மெல்லிய சேலைகூடச் சீக்கிரம் காயாது. தடித்த பஞ்சு வைத்த போர்வை உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை வாடை பிடித்துவிடும். இந்த ஊருக்கு மெல்லிய பஞ்சுதான் சரி.

மெலிந்தால் கதகதப்பு போய்விடுமே என்ற பயம் வேண்டாம். குளிர் கடுமையான ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் ரஜாய்ப் போர்வை பெயர் வாங்கியதே கனமில்லாததால்தான். கட்டியும் தூசும் போகப் பஞ்சை நன்றாக அடித்து, கால் கிலோ அளவே எடுத்து, மெல்லிய பருத்தித் துணிக்குள் சீராகப் பரப்பித் தைக்கிறார்கள். குளிரைத் தடுப்பது இழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்று. நன்றாக அடித்த பஞ்சு கொஞ்சமாக இருந்தாலும் நிறையக் காற்றைப் பிடித்து வைக்கும்.

கடையில் ஷீட்டாக வாங்கினால் ஜிஎஸ்எம் கேட்டு வாங்கு. ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதே அந்தக் கணக்கு. 150 சென்டிமீட்டர் அகலம், 225 சென்டிமீட்டர் நீளமுள்ள போர்வைக்கு 60 ஜிஎஸ்எம் என்றால் பஞ்சு சுமார் 200 கிராம். 200 ஜிஎஸ்எம் என்றால் 675 கிராம். பாலியஸ்டர் ஷீட் சீக்கிரம் காயும், சுருங்காது. ஆனால் வியர்வையில் புழுங்கும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். கறுப்புத் துணிக்குள் வைத்தால் வெள்ளை இழைகள் வெளியே எட்டிப் பார்க்கும். பருத்தி துவைத்தால் சுருங்கும். ஆனாலும் உடம்புக்கு இதமானது அதுதான்.

போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு லேசாக இருக்கிறதே என்று அதை நாடாதே. குழல்போல உள்ளீடற்ற, தண்ணீர் ஒட்டாத இழை அது. ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் அடைத்ததும் அதனால்தான். வழுக்கும் அந்த இழை ஊசித் துளை வழியே கசியும், துவைத்தால் ஒரு மூலையில் திரளும். தலையணைக்கு அருமையானது, துவைத்துப் புழங்கும் போர்வைக்கு ஆகாது.

பஞ்சே இல்லாமலும் தைக்கலாம். வங்காளத்துக் காந்தா பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பது. வட கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற போர்வையைப் பழந்துணி ஒட்டுகளாலேயே ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். நம் வீடுகளில் பிள்ளைக்கு விரிக்கப் பழைய நூல்சேலையை மடித்துத் தைத்ததும் இதே வேலைதான். ஐந்தரை மீட்டர் சேலையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கரையோடு கரை சேர்த்தால் ஒரு போர்வைக்கான நடு அடுக்கு தயார். பலமுறை துவைத்த துணி என்பதால் இனிப் பெரிதாகச் சுருங்கவும் சுருங்காது. முதல் போர்வைக்கு இதையே எடுத்துக்கொள்.

பஞ்சுதான் என்று முடிவு செய்தால், வாங்குமுன் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். இருண்ட திட்டும் வெளிறிய திட்டுமாகத் தெரிந்தால் பரப்பு சீராக இல்லை, வேறு கேள். பிறகு 30 சென்டிமீட்டர் சதுரத்தில் மாதிரி ஒன்று தைத்து, வீட்டுத் தண்ணீரிலேயே துவைத்துக் காயவைத்து அள. ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தால் நூற்றுக்கு ஐந்து சுருக்கம். அந்த அளவைக் கூட்டி வெட்டு. வெறுமனே அடித்துப் பரப்பிய பஞ்சானால் தையல் கோடுகளுக்கு இடையே மூன்று விரல் அகலத்துக்கு மேல் விடாதே. ஊசியால் குத்திப் பிணைத்த ஷீட் ஒரு சாண் இடைவெளிகூடத் தாங்கும். உறையில் அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்று.