வயலின் இல்லாத குழுவுக்கு கிரீக்கின் ‘காலை’

மாணவர்களின் காற்றுக்கருவிக் குழுவுக்காக ஆர்க்கெஸ்ட்ரா இசையை மாற்றி எழுதப் பழகுகிறவர்கள் எட்வர்ட் கிரீக்கின் ‘காலை’யில் தொடங்கலாம். இப்சனின் ‘பீர் கிண்ட்’ நாடகத்துக்காக எழுதப்பட்டு 1876-ல் மேடையேறிய இசை இது. (கேட்பவர்களுக்கு நார்வேயின் பனிமலைதான் நினைவுக்கு வரும். நாடகத்தில் பொழுது விடிவதோ மொராக்கோவில்.) மெட்டு எளிது, வேகமும் நிதானம். கிரீக் 1907-லேயே காலமாகிவிட்டதால் மூல ஸ்கோருக்குக் காப்புரிமைத் தொல்லை இல்லை. பிற்காலத்தில் யாராவது திருத்தி வெளியிட்ட பதிப்பிலிருந்து மட்டும் நகலெடுக்க வேண்டாம்.

முதலில் தலைகளை எண்ணுங்கள். ஓபோ உண்டா? ஹார்ன் எத்தனை? கிளாரினெட்டில் மேல் ஸ்தாயி யாருக்கு எட்டும்? இது தெரியாமல் ஒரு சுரமும் எழுதக் கூடாது.

அடுத்தது ஸ்கேல். மூலம் இ மேஜர். வயலினுக்குக் கைவந்த ஸ்கேல். அதை அப்படியே எழுதினால் பி ஃப்ளாட் கிளாரினெட்காரர் தாளில் ஆறு ஷார்ப் வரும், ஆல்டோ சாக்சஃபோன் தாளில் ஏழு. அரைச்சுரம் இறக்கி இ ஃப்ளாட் மேஜராக்குங்கள். கிளாரினெட்டுக்கு ஒரே ஒரு ஃப்ளாட் மிஞ்சும், ஆல்டோவுக்கு அதுவும் இல்லை. மூல ஸ்கேலைத் தொடவே கூடாது என்பவர்கள் ஏழு ஷார்ப்போடு ஒரு பிள்ளை திணறுவதை ஒருமுறை கேட்கட்டும்.

இனி மெட்டு. தொடக்கத்தில் ஃப்ளூட்டும் ஓபோவும் மாறி மாறி வாசிக்கின்றன. ஓபோ இல்லாத குழுவில் அந்தப் பதிலைக் கிளாரினெட்டுக்குத் தரத்தான் கை போகும். பொறுங்கள். ஓபோவின் அதே ஸ்தாயியில் கொடுத்தால் கிளாரினெட் தாளில் முதல் இரண்டு சுரங்கள் சி, ஏ. சி-க்கு இரண்டு கை விரல்களும் துளைகளை மூட வேண்டும். ஏ-க்கு இடது ஆள்காட்டி விரல் ஒன்று போதும். கிளாரினெட்காரர்கள் ‘பிரேக்’ என்று அஞ்சும் எல்லை இதுதான். மெட்டு அதைத் தாண்டித் தாண்டியே போகிறது. ஆல்டோவுக்குத் தந்தால் அதே இடம் ஜி, இ, டி, சி என்று வரும். புதிதாகச் சேர்ந்தவருக்கும் பழகிய விரல்கள். கிளாரினெட்தான் வேண்டுமென்றால் ஒரு ஸ்தாயி கீழே எழுதுங்கள். ஓபோ இருக்கும் குழுவிலும் இந்தப் பகுதியை ஆல்டோ தாளில் சிறு எழுத்தில் சேர்த்து வையுங்கள். ஓபோ வாசிக்கும் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும்.

தந்திக் கருவிகள் திரண்டு நுழையும் இடத்தில் வயலினின் மெட்டைக் கிளாரினெட்டுகளும் ஃப்ளூட்டும் எடுக்கட்டும். வியோலாவுக்கு ஹார்ன், செல்லோவுக்கு யூஃபோனியமும் டெனர் சாக்சஃபோனும், டபுள் பேஸுக்கு டியூபா. ட்ரம்பெட்டையும் மெட்டில் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் மற்றவர்கள் வாசிப்பது வீண்.

பலரும் கோட்டைவிடுவது மூச்சில். வில்லுக்கு மூச்சு வேண்டாம், வாய்க்கு வேண்டும். நீண்ட சுரங்களில் பக்கத்துப் பக்கத்து மாணவர்கள் வெவ்வேறு இடத்தில் மூச்செடுக்கும்படி ஒவ்வொருவர் தாளிலும் குறியிட்டுக் கொடுங்கள். குறி இல்லாவிட்டால் அத்தனை பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவார்கள். இசையில் ஓட்டை விழும்.

தாள்களைப் பிரித்து எடுக்க மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதும். அது வாசித்துக் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள், கணினிக்கு மூச்சு வாங்காது. முதல் ஒத்திகைக்குப் பென்சிலும் ரப்பருமாகப் போய், பிள்ளைகள் திணறும் இடத்தை அங்கேயே மாற்றி எழுதுங்கள்.