முதல் நோக்கம் முதலிடத்தில் இருக்கிறதா?



எமது சங்கத்தின் யாப்பில் முதலாவதாக எழுதப்பட்டிருக்கும் நோக்கம், இந்நாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழையும் சமயத்தையும் கற்பிப்பது. ஆனால் சனிக்கிழமைகளில் நடப்பது என்ன? மண்டபம் கலியாண வீட்டுக்குக் கொடுபட்டால், தமிழ் வகுப்பு சப்பாத்து வைக்கும் நடைக்குப் போகிறது. அன்னதானக் குழு, திருவிழாக் குழு, கட்டட நிதிக் குழு எல்லோரும் பனியிலும் குளிரிலும் வந்து மனமார உழைக்கிறார்கள். ஒருவரிலும் குறையில்லை. இருந்தும் முதல் நோக்கம் கடைசி வரிசைக்குப் போய்விட்டது.

ஒரு நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் ஒரே நோக்கத்துக்கு இசையச் செய்வது எப்படி? இதற்கு மதுரையில் நல்ல பாடம் ஒன்று உண்டு.

அரசாங்க சேவையில் ஓய்வுபெற்ற கண் வைத்தியர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 கட்டில்களுடன் அங்கே அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அவர் வைத்த நோக்கம் ஒன்றே: தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது. ஒவ்வொரு பிரிவின் வேலையும் அதற்கேற்றபடி அமைந்தது.

முகாம்: கிராமங்களில் இலவசமாகக் கண் பரிசோதித்தார்கள். சத்திரசிகிச்சை தேவை என்று சொல்லப்பட்டவர்களிற் பலர் வரவில்லை. பஸ் காசு இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, கூட்டிவர ஆளில்லை. எனவே முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிவந்து, உணவும் தங்க இடமும் கொடுத்து, திரும்பவும் ஊருக்கு அனுப்பினார்கள்.

சத்திரசிகிச்சைக் கூடம்: கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வருடப் பயிற்சி அளித்தார்கள். நோயாளியை ஆயத்தம் செய்வது முதலான வேலைகளை அவர்கள் பார்க்க, வைத்தியர் ஒரு மேசையில் முடித்ததும் அடுத்த மேசைக்குத் திரும்புவார்.

பணம்: கட்டக்கூடியவர்கள் கட்டிய பணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடந்தது.

வில்லை: கண்புரை நோயாளிக்குப் பொருத்தும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தது, விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்சாலையை நிறுவித் தாங்களே மலிவாகச் செய்தார்கள்.

வெங்கடசாமி 2006இல் காலமானார். ஆனாலும் அந்த ஒழுங்கு நின்றுவிடவில்லை. பஸ் ஓட்டுபவரும் கணக்கெழுதுபவரும் தம் வேலை எதற்காக என்று அறிந்திருந்தால், தலைவர் ஒருவரையே நம்பியிருக்க வேண்டியதில்லை.

நாமும் இதைச் செய்யலாம். கட்டட நிதிக் குழு வகுப்பறையை முதலிற் கணக்கிலெடுக்கட்டும். மண்டபத்தை வாடகைக்கு விடுமுன் வகுப்பு நேரம் ஒதுக்கப்படட்டும். அன்னதானப் பந்தியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பரிமாறட்டும். அங்கே தமிழிற் பேசிப் பழகுவார்கள். வருகிற பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் வரவுசெலவோடு, "பிள்ளைகளுக்கு இவ்வருடம் என்ன செய்தோம்?" என்பதற்கும் பதில் சொல்லட்டும்.

வீட்டிற் கலந்துபேச:
1. எமது சங்கத்தின் முதல் நோக்கம் எது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?
2. நீங்கள் செய்யும் தொண்டு அந்த நோக்கத்துக்கு எவ்வாறு உதவுகிறது?
3. அதற்காக நாம் எதை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம்?

மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதற்கான பதிலோடு பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள்.