ஒன்பதரை டிகிரியில் எங்கள் ஊர்

குழந்தைகள் அறைக்கு உலக வரைபடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைக் காலண்டர் மாட்டுகிற உயரத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்த்தால் அண்டார்டிகா தெரியும். மற்றதெல்லாம் வெறும் நிறம். நிலநடுக்கோடு பிள்ளையின் கண்ணுக்கு நேரே வர வேண்டும். அப்போது இந்தியா அதற்குக் கொஞ்சம் மேலே, கை எட்டுகிற இடத்தில் இருக்கும். பிள்ளை வளர வளர ஆணியை ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மகள் படுக்கிற பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். தூக்கம் வரும்வரை ஆப்பிரிக்காவின் கரையை விரலால் தடவிக்கொண்டு கிடப்பாள். அந்த ஓரத்தில் மட்டும் தாளின் பளபளப்பே போய்விட்டது.

எனக்கு ராஜபாளையம். பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறேன். புவியியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் இரண்டு பிள்ளைகளோடு அந்தச் சுவரின் முன்னால் உட்கார்ந்து சில வருஷம் பழகியதில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. உலகத்தைப் பாரிஸிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ காட்டத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு அது பொது அறிவுப் புத்தகம் ஆகிவிடுகிறது. தான் காலை நனைத்த தண்ணீரிலிருந்து தொடங்கினால்தான் ஒட்டும். எங்களுக்கு அந்தத் தண்ணீர் அய்யனார் கோவிலில் ஓடுகிறது.

ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது நீர்காத்த அய்யனார் கோவில். லீவு நாளில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போவோம். சாமி கும்பிட்டு, ஆற்றில் குளித்து, பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெயில் தாழத் திரும்புவது எங்கள் ஊர் வழக்கம். பெரியவள் அங்கே இலைகளைப் பறித்துத் தண்ணீரில் விட்டுக்கொண்டே, "இது எங்கப்பா போகும்?" என்று கேட்டாள். ஊருக்குப் போகும் என்றேன். "ஊருக்கு அப்புறம்?" என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் உலக வரைபடத்துக்குப் பக்கத்தில் விருதுநகர் மாவட்ட வரைபடம் ஒன்றும் வந்து சேர்ந்தது. வாங்குகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் தருகிற ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இந்த ஆற்றை நம்பித்தான் இருக்கிறது. முடங்கியாறு என்ற பெயரில் இறங்கி, வழியில் கண்மாய்களை நிரப்பி, மிஞ்சியது வைப்பாற்றோடு சேர்ந்து தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. மாவட்ட வரைபடத்தில் விரல் கிழக்கே போய்க் காகித ஓரத்தில் முட்டும். அங்கிருந்து உலக வரைபடத்துக்குத் தாவினால் இந்தியப் பெருங்கடல். குழாயில் பிடிக்கிற குடத்துத் தண்ணீருக்கும் அந்த நீல நிறத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஒரு குழந்தைக்குப் புரிந்துவிட்டால், அப்புறம் அந்தப் படத்தை நாம் விளம்பரப்படுத்த வேண்டியதில்லை.

அதே மலையின் அந்தப் பக்கம் விழுகிற மழையோ பெரியாற்றில் சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகிறது. ஒரே முகட்டில் பக்கம் பக்கமாக விழுந்த இரண்டு துளிகள் வேறு வேறு கடலுக்குப் போவதைப் பழுப்பு நிற மலைத்தொடரை வைத்துக் காட்டலாம். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே போகிற அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பியது என்று சொன்னால், அதைக் கட்டிய பென்னிகுயிக்கை ஏன் தேனிக்காரர்கள் கும்பிடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள். இதனால்தான் முதல் படம் இயற்கை அமைப்பு வரைபடமாக இருக்கட்டும் என்கிறேன். மலை பழுப்பு, சமவெளி பச்சை, ஆழமற்ற கடல் வெளிர் நீலம் என்று இருக்கிற படம். நாடுகளைப் பல வண்ணத்தில் காட்டுகிற அரசியல் வரைபடம் இரண்டாவதாக வரலாம். எதை வாங்கினாலும் தமிழில் பெயர் போட்டதாகவும், இந்திய எல்லை இந்திய நில அளவைத் துறை வெளியிட்டபடி இருப்பதாகவும் பார்த்து வாங்குங்கள்.

வெளிர் நீலம் எதற்கு உதவும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில் சாம்பல் நிற அணில் உண்டு. மரத்துக்கு மரம் தாவுகிற, நீண்ட வாலுள்ள பெரிய அணில். அதற்காகவே 1988இல் சரணாலயம் அறிவித்தார்கள். 2021இல் அந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாக ஆனது. இந்த அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. என் மகன் அதன் படத்தை வெட்டி இரண்டு இடத்திலும் ஒட்டினான். கடலைத் தாண்டி எப்படிப் போயிருக்கும் என்று அவனே கேட்டான். பாக் நீரிணையின் வெளிர் நீலத்தைக் காட்டினேன். பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்து கிடந்தபோது அங்கே நிலம் தெரிந்தது, நடந்தே போகலாம். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டில் ரசத்தை வைத்து, சோற்று மேடுகளை மூழ்கடித்து, கடல் மட்டம் ஏறுவதை அவன் தன் பாட்டிக்கு விளக்கினான்.

எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது ஒரு சிவப்பு நூல். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஏறக்குறைய 9.5 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. அந்த உயரத்தில் படத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நூலை இழுத்து இரண்டு பக்கமும் ஊசி குத்தினோம். அந்த நூலின் மேலோ அதை ஒட்டியோ எந்தெந்த ஊர் வருகிறது என்று தேடுவதுதான் விளையாட்டு. கிழக்கே போனால் சிவகாசி, அருப்புக்கோட்டை, கடல் தாண்டி ஆனையிறவு. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே நழுவி, தாய்லாந்தின் சமுய் தீவு, வியட்நாமில் மீகாங் கழிமுகம், பிலிப்பைன்ஸின் பலாவான். பிறகு பசிபிக் கடலில் நூல் வெகுதூரம் தனியாகப் போகும். கோஸ்டா ரிகா, பனாமா கால்வாயின் வடக்கு வாயிலை ஒட்டி, வெனிசுவேலா, அட்லாண்டிக், கினியின் தலைநகர் கொனாக்ரி, வெள்ளை நைல் கரையில் மலக்கால், எத்தியோப்பியாவின் ஹரார், சோமாலிலாந்தின் ஹர்கெய்சா. அரபிக் கடலைத் தாண்டினால் ஆலப்புழை. மலை ஏறி இறங்கினால் அய்யனார் கோவில்.

ஒரே கோட்டில் இருந்தால் ஒரே மாதிரி இருக்குமா என்பது அடுத்த கேள்வி. ஆலப்புழையிலும் சமுய் தீவிலும் தென்னை, சரிதான். ஹராரில் காப்பி விளைகிறது, குளிர்ச்சியும் உண்டு, ஏன்? படத்தில் அங்கே அடர்ந்த பழுப்பு. உயரமான மேட்டு நிலம். எங்கள் மலை மேலேயும் காப்பி விளைகிறதே என்று பிள்ளைகள் கோத்துக்கொண்டார்கள். அட்சரேகை, உயரம், கடலோரம் என்று பாடப் புத்தகம் மூன்று தலைப்பில் சொல்வதை நூல் ஒரே இழையில் சொல்லிவிட்டது. உங்கள் ஊருக்கு எத்தனை டிகிரி என்று கைப்பேசியைக் கேட்டால் சொல்லிவிடும். உங்கள் நூலில் வருகிற ஊர்கள் வேறாக இருக்கும்.

காற்றையும் இதில் காட்டலாம். ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் காற்று மட்டும் ஆளைத் தள்ளும். மழை கேரளத்தோடு நின்றுவிடும். தென்மேற்குப் பருவக்காற்று ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி ஏறி, சோமாலியாவைத் தொட்டு வளைந்து, அரபிக் கடலில் ஈரம் குடித்து வந்து மலையில் மோதுகிறது. கரைத் தடத்தில் விரலை ஓட்டிக் காட்டுங்கள். ஐப்பசியில் காற்று திசை மாறினால், டிவியில் வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்று சொல்கிற இடத்தில் பிள்ளைகள் ஒரு குண்டூசி குத்தட்டும். அடுத்த நாள் நகர்த்தட்டும். அது நம் பக்கம் நகர்கிற நாட்களில் அய்யனார் கோவில் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும், வனத்துறை போக விடாது. ஊரில் வெயில் அடிக்கும்போது மலையில் பெய்து ஆறு பெருகும் என்பதை அந்தக் குண்டூசியோடு சேர்த்தே சொல்லிக்கொடுத்துவிட்டேன். உயிருக்கு உதவுகிற பாடம்.

எங்கள் பிழைப்பும் அந்தச் சுவரில் இருக்கிறது. மில்களில் பேர் போன எம்.சி.யு. 5 பருத்தி, கம்போடியாவிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் வந்த பருத்தி வழிகளைச் சென்னை மாகாணக் காலத்தில் கோயம்புத்தூரில் கலந்து வளர்த்த பரம்பரையில் வந்த ரகம். இரண்டு நாட்டிலும் ஒரு பஞ்சுத் துணுக்கை ஒட்டினோம். சத்திரப்பட்டித் தறியில் ஓடுகிற பேண்டேஜ் துணி தூத்துக்குடியில் கப்பல் ஏறி, செங்கடல், சூயஸ் வழியாக ஐரோப்பா போகிறது. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தபோதும், 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோதும், ஆபீசில் பேச்சு அதுவாகவே இருந்தது. மகளிடம் இரண்டு நூல் கொடுத்து இரண்டு வழியையும் அளக்கச் சொன்னேன். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய நூலை நீட்டிப் பார்த்தவள், "இதுக்கு டீசல் யாருப்பா குடுப்பாங்க?" என்றாள். வணிகவியல் அந்தக் கேள்வியில் ஆரம்பிக்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: தட்டைப் படம் அளவில் பொய் சொல்லும். சாத்துக்குடித் தோலைக் கிழிக்காமல் மேசையில் தட்டையாகப் பரப்ப முடியாது, பூமியையும் அப்படித்தான். 1569இல் மெர்கேட்டர் மாலுமிகளுக்காக வரைந்த முறையில் திசை சரியாக இருக்கும், துருவத்துப் பக்கம் நிலங்கள் ஊதிப்போகும். அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவு தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. கிரீன்லாந்து இந்தியாவைவிடவே சிறியது. பக்கத்தில் சின்ன உருண்டை ஒன்று இருந்தால் பிள்ளைகளே ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

இதையெல்லாம் யார் அளந்தது என்று கேட்டால் நம் ஊர்க் கதையே இருக்கிறது. வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அளவையைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை 1808இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. அவரே உட்கார்ந்து அதைச் சரிசெய்து வேலையைத் தொடர்ந்தார். குமரியிலிருந்து இமயம்வரை ஏறக்குறைய 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டிப் போன அந்த அளவை வரிசைக்கு எங்கள் ஊர் தூரமில்லை.

தலைநகரங்களை மனப்பாடம் செய்யச் சொல்லி மட்டும் அந்தச் சுவரைக் கெடுத்துவிடாதீர்கள். விருந்தாளி முன்னால் நிறுத்தி "பெல்ஜியம் எங்கே, காட்டு" என்று கேட்பதும் வேண்டாம். மஸ்கட்டில் இருக்கிற சித்தப்பாவுக்குப் போன் போடுமுன் அங்கே மணி என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். படத்தில் கிறுக்கினால் கிறுக்கட்டும், இருநூறு ரூபாய்ப் படம்தானே, மறுபடியும் வாங்கலாம்.

சித்திரைப் பிறப்பு வந்தால் மொட்டைமாடிக்குப் போங்கள். ஏப்ரல் 14 வாக்கில் சூரியன் 9.5 டிகிரிக்கு நேர் மேலே வரும். ராஜபாளையத்தில் பகல் 12.20க்கு நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. ஏன் 12 மணிக்கு இல்லை என்பதற்கும் விடை படத்திலேயே இருக்கிறது: நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் 77.5இல் இருக்கிறோம், டிகிரிக்கு நான்கு நிமிஷம். கன்னியாகுமரிக்காரர்கள் ஏப்ரல் 10 வாக்கிலும், சென்னைக்காரர்கள் ஏப்ரல் 24 வாக்கிலும் பார்க்கலாம். அன்று மேகம் மறைத்துவிட்டால் எங்கள் ஊரில் ஆகஸ்ட் 28 வாக்கில் இன்னொரு வாய்ப்பு உண்டு.